விருந்து போன வழியும் தேனிலவு போகும் வழியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து சாய்வு நாற்காலியில் கண்ணயரப் போன நேரத்தில் பேத்தி ஒரு தாளைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஜூன் மாதம்தான் விடுப்பு. இருவரும் ஐரோப்பாவுக்குத் தேனிலவு போகிறார்களாம்.

"பாட்டா, நீங்க பேங்குல ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்லதானே இருந்தீங்க. இது சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

லண்டன் இரண்டு நாள், ஆம்ஸ்டர்டாம் ஒரு நாள், பாரிஸ் இரண்டு, சூரிச் ஒன்று, இண்டர்லாக்கன் இரண்டு, வெனிஸ் இரண்டு, ரோம் இரண்டு. பன்னிரண்டு இரவு, ஏழு ஊர்.

"எதுக்கு மக்கா இத்தன ஊரு?" என்றேன்.

"போறதே ஒரு தடவதானே பாட்டா."

எனக்கு அப்போது என் கல்யாணம் நினைவுக்கு வந்தது. 1971இல் எங்களுக்கும் ஒரு சுற்றுப்பயணம் இருந்தது. அதற்குப் பெயர் விருந்து. புதுமணத் தம்பதிகள் சொந்தக்காரர் வீடுகளுக்கு வரிசையாக விருந்துக்குப் போகவேண்டும். முதலில் தாய்மாமன் வீடு. பிறகு அத்தை வீடு, சித்தப்பா வீடு. புதுக்கடை, மார்த்தாண்டம், குலசேகரம், நாகர்கோவில் என்று நாங்களும் ஊர் ஊராகத்தான் போனோம். வரிசை மாறினால் ஒரு வீட்டார் முகம் கோணும், ஒரு வீட்டை விட்டுவிட்டால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. எந்த வீட்டில் இரவு தங்குவது, எந்த வீட்டில் சாப்பாட்டோடு எழுந்துவிடுவது என்பதை என் அம்மா தாளில் எழுதாமலே மனதில் திட்டம் போட்டு வைத்திருந்தாள். அம்மாவின் காலத்தில் பஸ்ஸும் கிடையாது. அவள் கல்யாணம் முடிந்து தேங்காய்ப்பட்டணம் வந்ததே ஏ.வி.எம். கால்வாயில் வள்ளத்தில்தான். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது முழுப்பெயர். திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியில் இணைக்கவேண்டும் என்று 1860இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கி, கன்னியாகுமரி வரை போய்ச்சேராமலே நின்றுபோன கால்வாய். இன்று அதில் பல இடங்களில் ஆகாயத்தாமரைதான் பயணம் போகிறது.

விருந்தெல்லாம் முடிந்தபின் நாங்கள் இருவர் மட்டும் தனியாகப் போனது கன்னியாகுமரிக்கு. விவேகானந்தர் பாறை மண்டபம் 1970 செப்டம்பரில் திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. படகில் பாறைக்குப் போனோம், சூரியன் மறைவதைப் பார்த்தோம், ஒரு இரவு தங்கித் திரும்பினோம். எங்கள் தேனிலவு அவ்வளவுதான். அந்த வார்த்தையை வீட்டில் சத்தமாகச் சொல்லக்கூட வெட்கப்பட்ட காலம் அது.

அந்த வார்த்தையை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்ததில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1961இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' எடுத்தார். ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்தார்கள். காஷ்மீரத்து ஏரியையும் படகு வீட்டையும் நம் ஊர்க்காரர்கள் பலர் முதன்முதலில் பார்த்தது அதில்தான். மூன்று வருஷம் கழித்து, 1964இல், அதே வைஜயந்திமாலா ராஜ் கபூரோடு 'சங்கம்' இந்திப் படத்தில் தேனிலவுக்கு ஐரோப்பா போனார். வெனிஸின் படகு, பாரிஸின் தெரு, சுவிட்சர்லாந்தின் பனி எல்லாம் வண்ணத்தில் வந்தன. இந்தியாவில் பணக்கார வீட்டுக் கல்யாணம் என்றால் ஐரோப்பியத் தேனிலவு என்ற எண்ணம் ஊன்றியது அந்தப் படத்துக்குப் பிறகுதான் என்று சொல்வேன். தமிழில் அந்தக் குறையைத் தீர்த்தவரும் ஸ்ரீதர்தான். 1969 தீபாவளிக்கு வந்த 'சிவந்த மண்' படத்துக்காகச் சிவாஜி கணேசனையும் காஞ்சனாவையும் ஐரோப்பாவுக்கே அழைத்துப்போனார். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு அதை நாகர்கோவிலில் மூன்று தடவை பார்த்திருக்கிறாள். கன்னியாகுமரியில் அந்த இரவு அவள் என்னிடம் கேட்டது, "பாரிஸுக்குப் போக எவ்வளவு ரூபா ஆகும்?" என்பதுதான்.

ரூபாய் இருந்தாலும் போகமுடியாது என்று நான் சொன்னேன். அது பொய் இல்லை.

இளைய தலைமுறைக்கு இது புரியாது. அன்று வெளிநாடு போக நம் கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. பாஸ்போர்ட் கொடுப்பதே வெகுகாலம் அரசாங்கத்தின் விருப்பமாக இருந்தது. வெளிநாடு போவதும் தனிமனித உரிமையில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த ஆண்டு ஜூனில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அடுத்த தடை அந்நியச் செலாவணி. 1966 ஜூனில் ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசாக ஆனது. இருந்த டாலர் எல்லாம் கோதுமைக்கும் எண்ணெய்க்கும் எந்திரங்களுக்கும் வேண்டியிருந்தது. விமானச் சீட்டு வாங்கவே 'பி ஃபாரம்' என்று ஒரு படிவம் பூர்த்தி செய்து ரிசர்வ் வங்கியின் அனுமதி பெறவேண்டும். மேற்படிப்புக்குப் போன பிள்ளைகள் சட்டைப்பையில் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1973இல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், அதுதான் எல்லாரும் பயந்த 'ஃபெரா', மீறியவரைச் சிறைக்கே அனுப்பக்கூடியது.

நான் உட்கார்ந்திருந்தது அந்தக் கவுண்டரில்தான். எழுபதுகளில் நம் கடலோரத்துப் பையன்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் அனுப்பிய டிராஃப்டுகள் என் மேசைக்கு வரும். தேங்காய்ப்பட்டணத்தில் ஓலைக்கூரை போய் ஓடும், ஓடு போய் மாடியும் வந்தது அந்தப் பணத்தில்தான். டாலர் உள்ளே வருவதை நாள் முழுக்கப் பார்த்தேன். வேடிக்கை பார்க்க வெளியே போகும் ஒரு டாலரைக் கண்டது மிகவும் அபூர்வம்.

வெள்ளைக்காரர்களுக்கும் இந்தப் பயணம் ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. பிரபு குடும்பத்துப் பிள்ளைகள்தான் மாதக்கணக்கில் இத்தாலி வரை சுற்றிவந்தார்கள். அதை நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டவைத்தவர் தாமஸ் குக். 1841 ஜூலை 5ஆம் தேதி லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சுமார் 500 பேரை ரயிலில் அழைத்துப்போனார். அது மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போன பயணம். 1855இல் பாரிஸ் கண்காட்சி நடந்தபோது முதன்முதலாக ஐரோப்பாக் கண்டத்துக்குக் கூட்டிப்போனார். பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் நதி, ஸ்ட்ராஸ்பூர்க், பாரிஸ் என்று பல ஊர் கோத்த பயணம். 1863இல் சுவிட்சர்லாந்துக்கு நடத்திய முதல் பயணத்தில் ஜெமைமா மாரல் என்ற பெண்மணி நாட்குறிப்பு எழுதினார். கோவேறு கழுதை மேலும் கால்நடையாகவும் மலை ஏறிய கதை. நூறு வருஷம் கழித்து, 1963இல், அது அச்சாகியது.

வங்கிக்காரன் என்ற முறையில் நான் தாமஸ் குக்கை மெச்சுவது வேறு காரணத்துக்காக. 1868இல் ஓட்டல் கூப்பன் கொண்டுவந்தார். முன்கூட்டியே பணம் கட்டி அந்தச் சீட்டைக் காட்டினால் எந்த ஊரிலும் அறையும் சாப்பாடும் கிடைக்கும். 1873இல் ஐரோப்பிய ரயில் நேர அட்டவணை அச்சிட்டார். 1874இல் சுற்றுப்பயண நோட்டு. பிற்காலத்து டிராவலர்ஸ் செக்குக்கு அது முன்னோடி. தங்க இடம், ரயில் நேரம், பணம் ஆகிய மூன்று கவலையையும் தீர்த்துவிட்டால் யாரும் பயணம் போவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 178 வருஷம் கழித்து, 2019 செப்டம்பரில், அந்த ஆங்கிலக் கம்பெனி கடனில் மூழ்கியது. ஒவ்வொருவர் கையிலும் போன் வந்தபின் இந்த மூன்று வேலையையும் என் பேத்தியே செய்துகொள்கிறாள்.

ஒரே ஒரு கவலையைத் தாமஸ் குக்காலும் தீர்க்கமுடியவில்லை. எல்லை. அதைத் தீர்த்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1985 ஜூன் 14ஆம் தேதி, லக்ஸம்பர்க் நாட்டில் ஷெங்கன் என்ற சிற்றூரில், மோசெல் ஆற்றில் நின்ற ஒரு படகில். பிரான்சும் ஜெர்மனியும் லக்ஸம்பர்க்கும் சந்திக்கும் இடம் அது. முதலில் ஐந்து நாடுகள். நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச்சில். இன்று 29 நாடுகள். 2002 ஜனவரியில் யூரோ நோட்டும் வந்தபின், பல நாடுகளுக்கு ஒரே விசா, ஒரே பணம் என்றானது. சுவிட்சர்லாந்து மட்டும் விசாவில் சேர்ந்துகொண்டு பணத்தில் சேரவில்லை. அங்கே இன்னும் ஃபிராங்க்தான்.

பேத்தியின் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். முதலில் லண்டன். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. தனி விசா, தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு. அடித்தாள். அடுத்து, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவது ரயிலில் நான்கு மணி நேரம்தான் என்றாலும், பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, மறு ஊரில் அறை தேடிச் சேர அரை நாள் போய்விடும். ஏழு ஊருக்கு ஆறு மாற்றம். பன்னிரண்டில் மூன்று நாள் அதிலேயே போகும். ஆம்ஸ்டர்டாமும் சூரிச்சும் போயின. பாரிஸ் நான்கு நாள், இண்டர்லாக்கன் மூன்று, வெனிஸ் இரண்டு, ரோம் மூன்று என்று நின்றது. பாரிஸில் இறங்கி ரோமில் விமானம் ஏறினால் வந்த வழியே திரும்பும் செலவும் மிச்சம்.

"முதல்ல பாரிஸ்லதான் இறங்குறோம். அதனால பிரான்ஸ் விசாவுக்குத்தான் போட்டு வச்சிருக்கேன்," என்றாள்.

அங்கேதான் பழைய கவுண்டர் கண் விழித்தது. விசா கேட்கவேண்டியது அதிக நாள் தங்கும் நாட்டிடம். நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் இறங்கும் நாடு. பாரிஸ் நான்கு நாள், ஆனால் வெனிஸும் ரோமும் சேர்ந்தால் இத்தாலிக்கு ஐந்து. தாய்மாமன் வீட்டில் முதலில் சாப்பிட்டாலும், எந்த வீட்டில் அதிகம் தங்குகிறோமோ அந்த வீட்டாரிடம்தான் முதலில் சொல்லவேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே பிரான்ஸ் நேரத்தை ரத்துசெய்து இத்தாலிக்கு மாற்றினாள். முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதையும், கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றினால் பாஸ்போர்ட்டிலும் டிக்கெட்டிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டாள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிப் பதினைந்து நாள் வரை இழுக்கக்கூடாது என்பதையும் சேர்த்தேன்.

எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "பாட்டா, இவ்வளவு தெரிஞ்சிருந்தும் நீங்களும் பாட்டியும் ஏன் போகல்ல?"

டாலர் கிடையாது மக்கா என்று வழக்கம்போலச் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1971க்கு அது உண்மை. 1991 வரைக்கும்கூட ஓரளவு உண்மை. அந்த வருஷம்தான் நாட்டின் தங்கம் சுமார் 47 டன்னை லண்டனுக்கு அனுப்பிக் கடன் வாங்கினோம். ஆனால் அதற்குப் பிறகு கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது. 2000 ஜூனில் ஃபெரா போய் 'ஃபெமா' வந்தது. சுற்றுலாப் போக ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வங்கியே கொடுக்கலாம் என்றது. 2004இல் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை எடுத்துப்போகலாம் என்ற திட்டம் வந்தது. அந்தச் சுற்றறிக்கையைப் படித்து மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவனே நான்தான். மறுவருஷம் ஓய்வு பெற்றேன். கையில் பணிக்கொடை இருந்தது. அவள் இன்னொரு தடவை கேட்டாள். வீட்டுக்கு மேல்மாடி கட்டி முடிக்கட்டும் என்றேன். மாடி முடிந்ததும் அவளுக்கு மூட்டு வலி வந்தது. அது கொஞ்சம் ஆறட்டும் என்றேன். 2011இல் அவள் போய்ச்சேர்ந்தாள்.

முப்பது வருஷம் சட்டம் தடுத்தது. கடைசிப் பத்து வருஷம் தடுத்தது நான்தான். இதை அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். என் வயது வாசகர்களில் யாராவது வீட்டில் இப்படி ஒரு கேள்வி கிடப்பில் இருந்தால், ஐரோப்பாதான் என்றில்லை, திற்பரப்பு அருவியோ பத்மநாபபுரம் அரண்மனையோ ஆனாலும், அடுத்த வாரமே அழைத்துப்போங்கள்.

மறுநாள் காலை பேத்தியிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அலமாரியிலிருந்து பாட்டியின் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கன்னியாகுமரியில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, பின்னால் பாறை தெரிவதுபோல் திரையில் வரைந்திருப்பார்கள். பாரிஸுக்குக் கொண்டுபோவாளாம்.

இதை எழுதும்போது விசா இன்னும் வரவில்லை. வந்ததும் சொல்கிறேன்.