ரிபாத்துக்கு வந்த பொருள் மதரஸாவான வரலாறு

கடல் கடந்து சென்று கைம்மாறு கருதாமல் ஓதிக் கொடுக்க ஆலிம்கள் எக்காலத்தும் கிடைத்திருக்கின்றனர். அவர்கள் அமர்ந்து கற்பிக்க ஓரிடமும், மாணவர் பசியாறச் சோறும் யார் தருவது என்பதில்தான் இடர்ப்பாடு. மக்கா முகர்ரமாவில் தோன்றிய மதரஸா ஸவ்லத்திய்யாவின் வரலாறு இவ்வகையில் நம் கருத்துக்குரியது.

மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள் 1818-ல் வட இந்தியாவிலுள்ள கைரானாவில் பிறந்தார்கள். 1854-ல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டருடன் நிகழ்த்திய விவாதத்தால் புகழெய்தினார்கள். 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றமையால் தாயகம் துறந்து மக்கா சேர்ந்தார்கள். அவர்களின் சொத்துகளை ஆங்கில அரசு பறித்து ஏலமிட்டது. திரும்ப வீடில்லை, ஆயினும் ஹரம் ஷரீபில் அமர்ந்து பாடம் நடத்தினார்கள். முறையான பாடத்திட்டமுள்ள மதரஸா ஒன்று வேண்டுமென்பது அவர்களின் நாட்டம். கையிலோ பொருளில்லை.

ஹிஜ்ரி 1290 வாக்கில் (1873-74) கல்கத்தாவைச் சேர்ந்த ஸவ்லத்துன் னிஸா என்னும் செல்வச் சீமாட்டி ஹஜ்ஜுக்கு வந்தார். ஹாஜிகள் தங்க ஒரு ரிபாத்துக் கட்டுவது அவ்வம்மையாரின் நிய்யத்து. மௌலானாவிடம் யோசனை கேட்டார். ரிபாத்துகள் இங்கே பல உண்டு, இல்லாதது மதரஸாவே என்று மௌலானா எடுத்துரைத்தார்கள். அம்மையார் இசைந்தார், நிலம் வாங்கப்பட்டது, கட்டடம் எழுந்தது.

கேட்க எளிதாகத் தோன்றும் செய்திதான். கொடுக்க முன்வந்தவரிடம் தேவை வேறென்று சொல்வது எவ்வளவு அரிது என்பதை வசூலுக்குச் சென்றோர் அறிவர். மினாராவை உயர்த்தித் தருவதாகச் சொன்ன ஒரு தனவந்தரின் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். உஸ்தாதுகளின் மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது. கொடுப்பதும் நின்றுவிடுமோ என அஞ்சி, வாய் திறவாமல் திரும்பினோம். மினாரா உயர்ந்தது. உஸ்தாதுகளில் ஒருவர் கடை வைக்கப் போய்விட்டார்.

மௌலானா தம் பெயரைச் சூட்டவில்லை. கொடுத்தவர் பெயரால் அது ஸவ்லத்திய்யா ஆயிற்று. கட்டடம் எழுந்த பின்னும் அன்றாடச் செலவு உண்டல்லவா? அதை இந்திய முஸ்லிம்களின் நன்கொடைகள் தாங்கின. 1891-ல் மௌலானா மறைந்தார்கள். ஜன்னத்துல் முஅல்லாவில் அடங்கினார்கள்.

ஜாவா, சுமத்ரா மாணவரும் அங்கே திரளாக ஓதினர். 1934-ல் தம் மலாய் மொழி இழிவுபடுத்தப்பட்டதென்று மனம் புண்பட்டு அவர்கள் வெளியேறினர். மக்காவிலேயே தாருல் உலூம் என்னும் தனி மதரஸா கண்டனர். ஸவ்லத்துன் னிஸா தந்த பொருளால் எழுந்த கூரையின்கீழ் இடம் இருந்தது. அவர்களுக்குத் தம் மொழிக்கும் இடம் வேண்டியிருந்தது.