ஒஸ்லோவில் அத்திவார இறக்கம்: சீரமைப்பும் செலவும்

அத்திவாரத்தின் கீழுள்ள மண் அமுங்குவதால் கட்டடம் முழுவதுமாகவோ ஒரு பக்கமாகவோ தாழ்வதே அத்திவார இறக்கம். நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் நூறாண்டைக் கடந்த செங்கல் மாடிக் குடியிருப்புகளும் புறநகர்த் தனிவீடுகளும் இதனால் பாதிக்கப்படுகின்றன. சுவரில் படிக்கட்டுப் போல ஏறும் வெடிப்பு, இறுகிப்போகும் கதவு, சாய்ந்த தரை ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். வெடிப்பைப் பார்த்துச் செலவைக் கணிக்க முடியாது. வீட்டின் கீழ் பாறை எத்தனை மீட்டர் ஆழத்தில் உள்ளது, இறக்கம் இன்னும் தொடர்கிறதா, எதனால் வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே தொகையைப் பற்றிப் பேச முடியும்.

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகப் பனிப்படலம் பின்வாங்கிய காலத்தில், இன்றைய நகரத்தின் பெரும்பகுதி கடலுக்கடியில் இருந்தது. அக்காலக் கடற்கரையின் தடங்கள் இன்றைய கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 220 மீட்டர் உயரத்தில் உள்ளன. அந்தக் கடலடியில் படிந்த நுண்களிமண், பனியின் பாரம் நீங்கி நிலம் உயர்ந்தபோது தரையாயிற்று. அது நீர் நிறைந்த மென்மையான களி. அதன் கீழுள்ள பாறையோ மேடும் பள்ளமுமானது. ஒரே வீட்டின் ஒரு மூலை பாறைக்கு அருகிலும் மறு மூலை ஆழமான களியின் மேலும் நிற்பதுண்டு. வீடு முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் பெரும்பாலும் சேதம் குறைவு. ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் இறங்கும்போதுதான் சுவர் கிழிகிறது.

களி அமுங்குவதற்கு வீட்டின் எடை ஒரு காரணம். ஆனால் ஒஸ்லோவின் பெரிய பாதிப்புகளில் பலவற்றுக்குக் காரணம் நீர். களியின் துளைகளிலுள்ள நீர், மேலுள்ள பாரத்தில் ஒரு பகுதியைத் தாங்குகிறது. பாறைக்குள் சுரங்கம் குடைந்தாலோ பாறைவரை ஆழக்குழி தோண்டினாலோ அந்த நீர் வடிந்து அழுத்தம் குறையும். அப்போது முழுப் பாரமும் மண்துகள்களின் மேல் ஏறுவதால் களி சுருங்கும். இதன் தாக்கம் தோண்டிய இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் வீடுகளையும் எட்டுகிறது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தன் வீட்டருகே எந்த வேலையும் நடந்ததாகத் தெரியாமலே போகலாம்.

நகரம் இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்கியது 1912 இல். அந்த ஆண்டில் ஹோல்மென்கொல்லன் ரயில்பாதையை நகர மையத்துக்கு நீட்டும் சுரங்க வேலை ஆரம்பமானது. மேலிருந்த கட்டடங்கள் இறங்கி வெடித்தன, உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். பாதை 1928 இல்தான் திறக்கப்பட்டது. 1990களில் அதே கதை பேரளவில் நடந்தது. கார்டெர்மோன் விமான நிலையத்துக்கான விரைவு ரயிலுக்காகக் குடையப்பட்ட, 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ரூமெரிக்ஸ்போர்ட்டன் சுரங்கத்துக்குள் நீர் கசிந்தது. ஓஸ்ட்மார்க்கா காட்டிலுள்ள ஒரு சிறு ஏரியின் நீர்மட்டம் வீழ்ந்தது, ஹெல்லெருட் பகுதியில் வீடுகள் இறங்கின. கசிவை அடைக்கும் வேலை நீண்டதால் ரயில்சேவை 1998 இல் தொடங்கியும் சுரங்கம் 1999 இல்தான் திறக்கப்பட்டது.

மத்திய ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பியோர்விக்கா இன்றைய உதாரணம். 2008 இல் திறக்கப்பட்ட இசைநாடக அரங்கு உள்ளிட்ட புதிய கட்டடங்கள் பாறைவரை இறக்கிய பைல் எனும் நீண்ட தூண்களின் மேல் அசையாமல் நிற்கின்றன. அருகிலுள்ள பழைய, கடலை நிரப்பி உருவாக்கிய நிலம் ஆண்டுக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிய இடங்களைச் செய்மதி அளவீடுகள் காட்டின. நோர்வேயின் புவியியல் ஆய்வகம் 2018 இல் திறந்துவைத்த இன்சார் நோர்வே வரைபடத்தில் இந்த அளவீடுகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். வீடு வாங்கும் எண்ணமுள்ள ஒவ்வொருவரும் முதலில் திறந்து பார்க்கவேண்டிய பக்கம் அது.

பழைய மாடிக் குடியிருப்புகளுக்கு இன்னொரு பலவீனம் உண்டு. அவற்றில் பல, களியின் மேல் அடுக்கிய மரக்கட்டைத் தெப்பங்களிலோ மரப் பைல்களிலோ நிற்கின்றன. நீருக்குள் மூழ்கியிருக்கும்வரை அந்த மரம் நூற்றாண்டுகள் தாங்கும். நிலத்தடி நீர் தாழ்ந்து காற்றுப் பட்டால் உக்கத் தொடங்கும். நகரின் சில பகுதிகளிலுள்ள ஆலம் களிப்பாறையின் இயல்பு இதற்கு நேர்மாறு. காற்றும் நீரும் பட்டால் அது ஊதிப்பெருத்துத் தரையை மேலே தள்ளும். அதிலிருந்து வரும் அமிலம் கொங்கிரீட்டையும் உருக்கையும் அரிக்கும். தோண்டியெடுத்த அந்தப் பாறையை அனுமதி பெற்ற கழிவிடத்துக்கே கொண்டுசெல்ல வேண்டும் என்பதால் அகழ்வுச் செலவும் உயரும். மேலே தள்ளப்பட்ட வீட்டை இறங்கிய வீடு என்று எண்ணிச் சீரமைத்தால் பணம் முழுவதும் வீண்.

ஆகவே முதற்செலவு ஆய்வுக்கே போகவேண்டும். சுவரில் ஆணி பதித்து மாதக்கணக்கில் மட்டம் அளப்பது, துளையிட்டுப் பாறையின் ஆழத்தை அறிவது, மண்மாதிரி எடுப்பது, நீரழுத்தமானி இறக்குவது ஆகியவை இதில் அடங்கும். இத்துறையின் அறிவில் பெரும்பங்கு 1953 இல் ஒஸ்லோவில் தொடங்கப்பட்ட நோர்வே புவித்தொழில்நுட்ப நிறுவனத்தில் வளர்ந்தது. அதன் முதல் இயக்குநரான லௌரிட்ஸ் பியெர்ரும் என்பவர், கட்டடம் எந்தளவு சாய்வைத் தாங்கும் என்பதற்கு 1963 இல் முன்வைத்த வரம்புகள் இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றன. அவற்றின்படி, இரு புள்ளிகளுக்கிடையிலான தூரத்தில் 300 இல் ஒரு பங்கு, அதாவது 3 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர், இறக்க வேறுபாடு வந்தால் சுவர்களில் வெடிப்பை எதிர்பார்க்கலாம். 150 இல் ஒரு பங்கானால் கட்டமைப்பே சேதமடையலாம்.

நிலையான தீர்வு, வீட்டின் பாரத்தைக் களியிலிருந்து எடுத்துப் பாறையின் மேல் வைப்பது. அத்திவாரத்தை ஒட்டி உருக்குப் பைல்களைப் பாறைவரை இறக்கி, சுவரை அவற்றின் மேல் ஏற்றி, தேவையானால் ஜாக்கியால் மெல்ல உயர்த்துவார்கள். செலவு எப்படிப் பெருகுகிறது என்பதை எளிய கணக்கில் காணலாம். 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள வீட்டின் சுற்றளவு 36 மீட்டர். 2 மீட்டருக்கு ஒன்றாக 18 பைல்கள். பாறை 8 மீட்டரில் இருந்தால் மொத்தம் 144 மீட்டர் பைல். 25 மீட்டரில் இருந்தால் 450 மீட்டர். வீடு அதே வீடு, வெடிப்பும் அதே வெடிப்பு, ஆனால் பைலின் நீளம் மும்மடங்கைத் தாண்டிவிடுகிறது. இதோடு இயந்திரத்தை வளவுக்குள் கொண்டுவருவது, நிலவறைக்குள் சிறு இயந்திரத்தால் வேலை செய்வது, உட்சுவர்களின் பைல்கள், புதிய கொங்கிரீட் வளை, உடையும் வடிகால் குழாய்கள், பொறியியலாளர் கட்டணம், மாநகராட்சி அனுமதி ஆகியவை சேரும். இவற்றின் மேல் 25 சதவீதப் பெறுமதிசேர் வரி. வீட்டு உரிமையாளர் அதைத் திரும்பப் பெற முடியாது. தனிவீடொன்றுக்கு இது பல லட்சம் குரோனர் வேலை. பாறை ஆழமாக இருந்தால் பத்து லட்சத்தைக் கடப்பது வியப்பல்ல.

அத்திவாரத்தின் கீழ் பிசின் செலுத்தி இடைவெளியை நிரப்பும் முறை மலிவானது, விரைவானது. கழுவப்பட்ட நிரப்புமண் ஆழமின்றி இருக்கும் இடத்தில் அது பயன்தரும். அடியிலுள்ள ஆழ்களி தொடர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தால் பிசினும் வீட்டோடு சேர்ந்தே இறங்கும். இறக்கம் ஏற்கெனவே நின்றுவிட்டது என்று அளவீடு காட்டினால் வெடிப்பை அடைத்துத் தரையை மட்டமாக்குவதே போதும், பைல் தேவையில்லை. பைலுக்காகத் துளையிடுவதேகூட மண்ணைக் குலைத்து நீரழுத்தத்தைக் குறைத்து அயல்வீட்டை இறக்கிவிடலாம் என்பதை 2012 முதல் 2015 வரை நடந்த பெக்ரென்ஸ் ஸ்காடெ ஆய்வுத்திட்டம் எடுத்துக்காட்டியது. மிகக் குறைந்த விலை கூறுபவரிடம் வேலையைக் கொடுப்பது இத்துறையில் ஆபத்தானது.

யார் பணம் கட்டுவது என்பது காரணத்தைப் பொறுத்தது. மண்சரிவு, வெள்ளம், புயல் போன்றவை நோர்வேயின் இயற்கைச் சேதக் காப்புறுதிக்குள் வரும். 2020 டிசம்பர் 30 அன்று யெர்ட்ரூமில் பத்துப் பேரின் உயிரைப் பறித்த களிச்சரிவு அவ்வகையானது. மெல்ல நிகழும் இறக்கம் அதில் சேராது. சாதாரண வீட்டுக் காப்புறுதியும் பொதுவாக அதை ஏற்பதில்லை. அயலில் தோண்டியதால் வந்த இறக்கம் என்றால், 1961 ஆம் ஆண்டின் அயலவர் சட்டத்தின் கீழ் தோண்டியவரிடம் இழப்பீடு கேட்கலாம். அதை நிறுவ, வேலை தொடங்குமுன் எடுத்த படங்களும் மட்ட அளவீடுகளும் வேண்டும். கூட்டுறவுக் குடியிருப்புகளில் செலவு பொதுக்கடனாகி மாதாந்தக் கட்டணத்தில் ஏறும். ஒஸ்லோவின் குரூருட்டாலன் பள்ளத்தாக்கில் இத்தகைய குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்கள் ஆண்டுக்கூட்டத்துக்குப் போய்க் கணக்கையும் கட்டட அறிக்கையையும் கேட்டுப் படிக்க வேண்டும்.

வீட்டை வாங்கிய பிறகு குறை தெரியவந்தால் விற்பவரிடமும் கேட்கலாம். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தப்பட்ட வீட்டு விற்பனைச் சட்டப்படி, உள்ளபடியே விற்கிறேன் என்ற பொது நிபந்தனைக்குப் பின்னால் விற்பவர் நுகர்வோரிடமிருந்து ஒளிந்துகொள்ள முடியாது. விற்பனைக்கான வீட்டின் நிலை அறிக்கையில் மூன்றாம் தரம், அதாவது மிக மோசமான தரம், பெற்ற குறைகளுக்குச் சீரமைப்புச் செலவின் தோராய மதிப்பும் தரப்பட வேண்டும். குறையைக் கண்ட வாங்குபவர் நியாயமான காலத்துக்குள், எப்படியும் வீட்டைப் பொறுப்பேற்ற ஐந்து ஆண்டுகளுக்குள், முறையிட வேண்டும். தோண்டியவர் மீதான இழப்பீட்டுக் கோரிக்கை, சேதத்தையும் அதற்குப் பொறுப்பானவரையும் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளில் காலாவதியாகிறது.