ஒரு நாள் விருந்தை நம்பிய தோட்டங்கள்: கிரான்பெர்ரியின் கதை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஊருக்கு வெளியே சாலையோரமாகச் சின்னச் சின்னப் பண்ணைக் கடைகள் உண்டு. பெரும்பாலும் ஒரு குடும்பமே நிலத்தை உழுது, விளைந்ததைத் தன் வாசலிலேயே வைத்து விற்கும். கோடையில் தக்காளியும் சோளமும், செப்டம்பரில் ஆப்பிள், அக்டோபரில் பரங்கிக்காய், நவம்பரில் கிரான்பெர்ரி, டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரம் என்று பருவத்துக்கு ஏற்றபடி கடையின் நிறம் மாறிக்கொண்டே வரும். பண்டிகை வரும்போது விற்பனை சூடுபிடிக்கும். பண்டிகை முடிந்துவிட்டால் அதே பொருளைக் கேட்பார் இருக்காது!

பண்டிகையை நம்பிப் பயிர் செய்வது உழவனுக்கு வரமா, ஆபத்தா? இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு சின்னச் சிவப்புப் பழத்தின் வரலாறே போதும். களாக்காய் அளவுதான் இருக்கும், புளிப்பும் அதைப் போலத்தான். அதுதான் கிரான்பெர்ரி.

மணல் சொல்லிக்கொடுத்த பாடம்

கிரான்பெர்ரி வட அமெரிக்க மண்ணிலேயே தோன்றிய செடி. ஐரோப்பியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கிருந்த பழங்குடி மக்கள் சதுப்பு நிலங்களில் தானாக விளைந்த இந்தப் பழத்தைப் பறித்து உண்டார்கள். உலர்ந்த இறைச்சி, கொழுப்பு ஆகியவற்றோடு இடித்துச் சேர்த்து நீண்ட நாள் கெடாத உணவாக்கினார்கள். சாயம் தோய்க்கவும் பயன்படுத்தினார்கள்.

இதை முதலில் பயிராக வளர்த்தவர் ஹென்றி ஹால். அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்ற இவர், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் தீபகற்பத்தில் டென்னிஸ் என்ற ஊரில் வாழ்ந்தார். கடற்காற்று அடித்துக் கொண்டுவந்த மணல் காட்டுக் கொடிகளின் மேல் படிந்தபோது, கொடிகள் சாவதற்குப் பதில் முன்பைவிடச் செழிப்பாக வளர்வதைக் கவனித்தார். 1816ஆம் ஆண்டு வாக்கில் கொடிகளைப் பெயர்த்து நட்டு, மேலே மணல் பரப்பி வளர்க்கத் தொடங்கினார். அந்த முறை இன்றும் மாறவில்லை. குளிர்காலத்தில் தோட்டத்தில் நீரைத் தேக்குவார்கள். அது உறைந்து பனிக்கட்டியானதும் அதன்மேல் மணலைப் பரப்புவார்கள். வெயில் வந்து பனி உருகும்போது மணல் மெல்ல இறங்கிக் கொடிகளின் மேல் படியும். ஒருமுறை நட்ட கொடி நன்கு பராமரித்தால் நூறு ஆண்டுகளுக்கு மேலும் காய்க்கும். தாத்தா நட்டதைப் பேரன் பறிக்கும் பயிர் இது.

பாய்மரக் கப்பல்களில் மாலுமிகளைத் தாக்கிய ஸ்கர்வி நோயைத் தடுக்கவும் கிரான்பெர்ரியைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்றார்கள். அந்தப் பீப்பாய்ப் பழக்கம் இன்னும் விடவில்லை. அமெரிக்காவில் கிரான்பெர்ரி விலையை இன்றும் 'பீப்பாய்க்கு இவ்வளவு' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு பீப்பாய் என்பது 100 பவுண்டு, அதாவது சுமார் 45 கிலோ.

பண்டிகை பிடித்த பழம்

நவம்பர் மாதம் நான்காம் வியாழக்கிழமை அமெரிக்கர்கள் நன்றி நவிலல் நாள் கொண்டாடுகிறார்கள். 1621ஆம் ஆண்டு பிளிமத் குடியேறிகளும் வாம்பனோவாக் பழங்குடியினரும் சேர்ந்து உண்ட மூன்று நாள் அறுவடை விருந்தே இதன் தொடக்கம் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த விருந்தைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகளும் ஐந்து மான்களும்தான் குறிப்பிடப்படுகின்றன. கிரான்பெர்ரி பற்றி ஒரு சொல்கூட இல்லை!

அப்படியென்றால் இந்தப் பழம் பண்டிகைக்குள் எப்படி நுழைந்தது? காரணம் பருவம்தான். கிரான்பெர்ரி செப்டம்பர் நடுவில் பழுக்கத் தொடங்கும். நவம்பர் தொடக்கத்தில் அறுவடை முடியும். பழத்தின் புளிப்பும் கெட்டித் தோலும் அதைப் பல வாரங்கள் கெடாமல் வைத்திருக்கும். அந்தக் குளிர் மாதத்தில் புதிதாகக் கிடைக்கும் பழங்கள் மிகக் குறைவு. அதனால் வான்கோழி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய கிரான்பெர்ரி தொக்கு வழக்கமாயிற்று. சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதன் பயனாக, 1863ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் நவம்பர் கடைசி வியாழக்கிழமையை நாடு முழுவதும் நன்றி நாளாகக் கொண்டாட அறிவித்தார். அதுவரை வடகிழக்கு மக்களின் வழக்கமாக இருந்த உணவு, பண்டிகையோடு சேர்ந்து நாடெங்கும் பரவியது. கிறிஸ்துமஸ் வந்தால் இதே பழத்தை நூலில் கோத்து மரத்துக்கு மாலையாகவும் போட்டார்கள்.

பறித்த கைகள்

விருந்து மேசையில் சிவப்பாக மின்னிய பழத்துக்குப் பின்னால் வேறொரு கதையும் உண்டு. பழத்தைக் குனிந்து கையால் பறிக்க வேண்டும். பிறகு பல் வைத்த மரமுறங்கள் வந்தன. அவற்றால் கொடிகளை வாரி எடுத்தார்கள். இந்த வேலையைச் செய்தவர்களில் பலர் புலம்பெயர்ந்து வந்த ஏழைகள். குறிப்பாக மாசசூசெட்சில் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள் அதிகம். 1910, 1911ஆம் ஆண்டுகளில் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் தோட்டங்களுக்குச் சென்று, பெற்றோருடன் பழம் பறித்த சிறு குழந்தைகளைப் படம் எடுத்தார். குழந்தைத் தொழிலுக்கு எதிரான இயக்கத்தில் இப்படங்கள் பயன்பட்டன. 1933ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் தோட்டங்களில் கூலியாட்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். அறுவடைக் காலம் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரக் கூலியே பல குடும்பங்களுக்குக் குளிர்காலச் சோறு.

டப்பாவுக்குள் பண்டிகை

பருவம் போனால் பழம் இல்லை என்ற நிலையை மாற்ற முயன்றவர் மார்கஸ் யூரன் என்ற வழக்கறிஞர். தோட்டங்களை வாங்கிய அவர், 1912ஆம் ஆண்டு கிரான்பெர்ரித் தொக்கை டப்பாவில் அடைத்து விற்கத் தொடங்கினார். அடிபட்ட பழங்களைப் புதுப்பழமாக விற்க முடியாது, ஆனால் தொக்காக்கலாம் அல்லவா? 1930ஆம் ஆண்டு போட்டியாளர்களாக இருந்த மூன்று தரப்பினர் சேர்ந்து விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். அதுவே பின்னாளில் ஓஷன் ஸ்ப்ரே என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றது. இன்றும் அது பங்குச்சந்தை நிறுவனம் அல்ல. பல நூறு விவசாயக் குடும்பங்களுக்குச் சொந்தமான கூட்டுறவு.

டப்பா வந்தும் பழக்கம் மாறவில்லை. மக்கள் நன்றி நாளுக்கும் கிறிஸ்துமசுக்கும்தான் டப்பாவைத் திறந்தார்கள். பண்டிகைத் தேதி வியாபாரத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது 1939ஆம் ஆண்டு தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள். கடைசி வியாழன் 30ஆம் தேதி வந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நன்றி நாளை ஒரு வாரம் முன்னதாக 23ஆம் தேதிக்கு மாற்றினார். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் ஏற்றன, மற்றவை மறுத்தன. டெக்சாஸ் உள்ளிட்ட சில மாநிலங்கள் இரண்டு நாளையும் கொண்டாடின! இந்தக் குழப்பம் தீர, 1941ஆம் ஆண்டு டிசம்பரில் 'நான்காம் வியாழன்' என்று சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

1959: பதினேழு நாட்கள்

இனி வருவதுதான் இந்தப் பழத்தின் வரலாற்றில் பெரிய சோதனை.

தோட்டங்களில் களையை அழிக்க அமினோடிரையசோல் என்ற மருந்தை விவசாயிகள் பயன்படுத்தினார்கள். அறுவடை முடிந்த பிறகே தெளிக்க வேண்டும் என்பது விதி. சிலர் அதற்கு முன்பே தெளித்துவிட்டார்கள். இந்த மருந்தை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது தைராய்டு சுரப்பியில் புற்றுக்கட்டி தோன்றியது. 1958ஆம் ஆண்டுதான் அமெரிக்காவில் 'டிலேனி விதி' என்ற சட்டப்பிரிவு நடைமுறைக்கு வந்திருந்தது. மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் தரும் என்று தெரிந்த எந்தப் பொருளையும் உணவில் சேர்க்க அனுமதிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

1959 நவம்பர் 9, திங்கட்கிழமை. சுகாதாரம், கல்வி, சமூகநலத் துறை அமைச்சர் ஆர்தர் ஃபிளெமிங் செய்தியாளர்களைச் சந்தித்தார். வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களில் விளைந்த கிரான்பெர்ரியில் ஒரு பகுதியில் இந்த மருந்தின் எச்சம் இருப்பதாக அறிவித்தார். பழம் எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் குடும்பத் தலைவி என்ன செய்வது என்ற கேள்விக்கு, பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் வாங்காமல் இருப்பதே நல்லது என்ற பொருளில் பதில் சொன்னார். நன்றி நாள் நவம்பர் 26. இடையில் இருந்தது பதினேழே நாட்கள்!

அவ்வளவுதான், கடைகளிலிருந்து பழமும் டப்பாவும் இறக்கப்பட்டன. சில இடங்களில் விற்பனையே நிறுத்தப்பட்டது. மேற்குக் கரையில் சிலர் செய்த தவறுக்கு, நாட்டின் மறுகோடியில் அந்த மருந்தைத் தொடாத விவசாயியும் தண்டனை அனுபவித்தார். பழத்தின் மேல் பெயரா எழுதியிருக்கிறது? எல்லாம் சிவப்பு, எல்லாம் ஒன்றுதான். ஆண்டு முழுவதும் உழைத்து, அறுவடை செய்து, கிடங்கில் வைத்துக் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்தத் திங்கள் கறுப்புத் திங்கள் ஆயிற்று.

அரசியல்வாதிகள் களத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலை மனத்தில் வைத்து விஸ்கான்சின் மாநிலத்தில் சுற்றுப்பயணம் செய்த இருவரில், துணை ஜனாதிபதி நிக்சன் கேமராக்கள் முன் நான்கு முறை கேட்டு வாங்கிக் கிரான்பெர்ரித் தொக்கு உண்டார். செனட்டர் கென்னடி கிரான்பெர்ரிச் சாறு குடித்துக் காட்டினார். ஆனால் ஜனாதிபதி ஐசனோவரின் மாளிகை விருந்தில் கிரான்பெர்ரிக்குப் பதில் ஆப்பிள் கூழ் பரிமாறப்பட்டது. அதிகாரிகள் இரவு பகலாகச் சோதனை செய்து, நல்ல சரக்கு என்று சான்று ஒட்டி வெளியே விட்டார்கள். சோதித்ததில் மிகச் சிறிய பங்கே கெட்டது என்று தெரிந்தது. ஆனால் அச்சத்துக்குச் சான்றிதழ் மருந்தாகவில்லை. அவ்வாண்டு விற்பனை படுத்துவிட்டது. 1960ஆம் ஆண்டு சுமார் 1 கோடி டாலர் வரை அரசு இழப்பீடு தர முன்வந்தது.

ஃபிளெமிங் செய்தது சரியா? விவசாயிகள் அவர்மேல் கடுங்கோபம் கொண்டார்கள். ஆனால் சட்டம் அவர் கையில் இருந்தது, மருந்து விதிமீறித் தெளிக்கப்பட்டதும் உண்மை. உணவில் தங்கும் பூச்சிமருந்து, களைமருந்து பற்றிப் பொதுமக்கள் பரவலாகப் பேசத் தொடங்கியது இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் என்று சொல்லலாம். 1962ஆம் ஆண்டு வெளிவந்த ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' நூலிலும் இந்த அமினோடிரையசோல் இடம்பெற்றது. உண்பவர் உயிருக்கு அஞ்சியதும் நியாயம், விளைவித்தவர் வயிற்றுக்கு அழுததும் நியாயம்.

ஆண்டு முழுவதும் விற்றால்?

இந்த அடியிலிருந்து விவசாயிகள் ஒரு பாடம் கற்றார்கள். ஒரே ஒரு பண்டிகையை நம்பியிருந்தால் பதினேழு நாளில் எல்லாம் போகும். ஆகவே 1960களில் கூட்டுறவு சாற்றின் பக்கம் திரும்பியது. ஆப்பிள் சாற்றோடு கலந்து விற்றார்கள். பிறகு சர்க்கரையில் ஊறவைத்து உலர்த்திய பழமும் வந்தது. சாற்றுக்குப் பழம் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எனவே அறுவடை முறையும் மாறியது. தோட்டத்தில் நீரைப் பாய்ச்சி, இயந்திரத்தால் கொடிகளைக் கலக்கினால் பழங்கள் மிதக்கும். பழத்துக்குள் நான்கு காற்றறைகள் இருப்பதே காரணம். செந்நிற ஏரி போலக் காட்சி தரும் அந்தப் படங்களைப் பலர் பார்த்திருக்கக்கூடும். இன்று விளைச்சலில் 5 விழுக்காடு அளவே புதுப்பழமாக விற்கிறது. அதை மட்டும் உலர்நிலையில் பறிக்கிறார்கள்.

சரி, ஆபத்து நீங்கியதா? இல்லை, வேறு உருவில் வந்தது. சாறு நன்றாக விற்றதால் எல்லோரும் தோட்டத்தைப் பெருக்கினார்கள். 1996ஆம் ஆண்டு பீப்பாய் 65 டாலருக்கு மேல் விற்றது. 1999ஆம் ஆண்டு 20 டாலருக்கும் கீழே இறங்கியது. வேறு வழியில்லாமல் 2000, 2001ஆம் ஆண்டுகளில் விற்கும் அளவுக்கு அரசே கட்டுப்பாடு விதித்தது. பரந்த நிலமும் புதிய ரகங்களும் கொண்ட விஸ்கான்சின் 1990களில் முந்திச் சென்றது. இன்று அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது. பழைய கொடிகளையும் சிறிய தோட்டங்களையும் வைத்திருந்த மாசசூசெட்ஸ் குடும்பங்கள் திணறின. சிலர் நிலத்தை விட்டார்கள். பிளிமத் ஊரில் இருந்த டிட்மார்ஷ் என்ற பெரிய தோட்டம் மீண்டும் இயற்கைச் சதுப்பு நிலமாக மாற்றப்பட்டு, 2017ஆம் ஆண்டு வனவுயிர்க் காப்பிடமாகத் திறக்கப்பட்டது. முதல் விருந்து நடந்ததாகச் சொல்லப்படும் அதே ஊரில், விருந்துப் பழத்தின் தோட்டம் பறவைகளுக்குத் திரும்பிச் சென்றிருக்கிறது.

பண்டிகை ஒரு பயிருக்குப் பெயரும் விலையும் தருகிறது. ஆனால் ஆண்டின் 365 நாட்களில் ஒரு நாளை மட்டும் நம்பிய உழவன், அந்த ஒரு நாள் தவறினால் தாங்க மாட்டான். ஆண்டு முழுவதும் விற்கும் பெரிய சந்தையும் அவனைக் காப்பாற்றும் என்று சொல்ல முடியாது, அங்கே விலை அவன் கையில் இல்லை. பரங்கி, ஆப்பிள், கிரான்பெர்ரி, கிறிஸ்துமஸ் மரம் என்று பருவத்துக்கு ஒன்றாக வைத்து, வாங்குபவரின் முகம் பார்த்து விற்கும் சாலையோரப் பண்ணைக் கடைகள் இன்னும் பிழைத்திருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். அவர்கள் ஒரு பண்டிகையையும் விடுவதில்லை, ஒரே பண்டிகையை நம்புவதும் இல்லை.