மேற்குப் புறநகரும் எமுலேட்டர் செயலிகளும்: ஒரு நீக்கத்தின் வரலாறு

2011 மே மாத இறுதியில், அப்போது ஆண்ட்ராய்டு மார்க்கெட் என்று அழைக்கப்பட்ட கூகுளின் செயலிக் கடையிலிருந்து நெசாய்டு, ஸ்னெசாய்டு, ஜென்சாய்டு, என்64ஆய்டு முதலிய எமுலேட்டர் செயலிகள், அவற்றை வெளியிட்டுவந்த உருவாக்குநரின் கணக்கோடு சேர்த்து ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்று ஊர்களும் அன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவையே. செயலி நீக்கம் கலிஃபோர்னியாவில் எடுக்கப்பட்ட வணிக முடிவு, மடிக்கணினி வழங்கியது இங்குள்ள அரசின் நலத்திட்டம். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் சென்னையின் மேற்குப் புறநகரில் வளர்ந்த ஒரு தலைமுறை பழைய வீடியோ விளையாட்டுகளை எவ்வழியாக அடைந்தது, அவ்வழி யாரால் அடைக்கப்பட்டது என்று ஆராய்பவர் இவ்விரண்டையும் ஒருசேரப் பார்த்தாக வேண்டும்.

எமுலேட்டர் என்பது ஓர் இயந்திரத்தின் நடத்தையை வேறோர் இயந்திரத்தில் மென்பொருளால் நடித்துக் காட்டும் நிரல். இதன் பிறப்புக்கும் விளையாட்டுக்கும் தொடர்பில்லை: 1964 இல் ஐபிஎம் நிறுவனம் தன் சிஸ்டம்/360 கணினிகளை அறிவித்தபோது, பழைய 1401 வகைக் கணினிகளுக்காக எழுதப்பட்ட நிரல்களை வாடிக்கையாளர்கள் தூக்கியெறிய வேண்டாம் என்பதற்காகவே அந்த வசதியைச் சேர்த்துக் கொடுத்தது. விளையாட்டுப் பெட்டிகளிலும் வழி இதுதான். 1983 இல் ஜப்பானில் வெளிவந்த நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டியில் இருந்தது 6502 என்ற சில்லின் வழிவந்த ஒரு செயலகம். நொடிக்கு ஏறத்தாழ 17.9 இலட்சம் துடிப்புகளும் 2 கிலோபைட் நினைவகமுமே அதன் வசம் இருந்தன. அச்செயலகம் அறிந்த கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து, கைப்பேசியின் செயலகத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி, திரையையும் ஒலியையும் அதே காலக்கணக்கில் இயக்குவதே எமுலேட்டரின் வேலை. விளையாட்டு இதற்குள் இருப்பதில்லை. ரோம் எனப்படும் தனிக் கோப்பில் இருக்கிறது. இயந்திரத்தைப் போலச் செய்யும் நிரல் ஒருவரின் சொந்த உழைப்பு, ரோம் கோப்போ வேறொருவரின் படைப்பு என்ற இந்தப் பிரிவினையை மனத்தில் கொள்ளாமல் நீக்கங்களின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவாகி, சிறுதொழிற் கூடங்களும் பெரிய ஆலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் பட்டறைகளும் நிறைந்த பகுதியாக வளர்ந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறைக் குடியிருப்புகளும் ஊரின் வடிவத்தையே தீர்மானித்தன. ஷிப்டு வேலையும் மாதச் சம்பளமும் கொண்ட குடும்பங்கள் திரண்ட இப்பகுதியில் 1990களின் நடுவில் வண்ணத் தொலைக்காட்சி பரவலாயிற்று; அதனுடன் டிவி கேம் என்று வழங்கப்பட்ட பெட்டியும் வந்தது. பெரும்பாலும் அது ஃபேமிகாமின் நகலாக தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட பெட்டிதான். ஆவடி, அம்பத்தூர் மக்கள் மின்ரயிலில் சென்ட்ரலுக்கோ கடற்கரை நிலையத்துக்கோ சென்று ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ அதை வாங்கினர்; அன்று ரயில் எட்டாத பூந்தமல்லியிலிருந்து பேருந்தில் பாரிமுனை போய் வாங்கினர். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழரின் மறுவாழ்வுக்காக 1969 இல் எழுந்த பர்மா பஜார் கடைவரிசையே நகரின் வெளிநாட்டு மின்சாதனச் சந்தையாக நெடுங்காலம் இருந்தது.

அப்பெட்டியில் செருகும் விளையாட்டுத் துண்டை யாரும் கார்ட்ரிட்ஜ் என்று சொன்னதில்லை, அது கேசட். மஞ்சள் பிளாஸ்டிக் கூடு, அடியில் வெளித்தெரியும் 60 செப்புப் பற்கள், மேலே மாரியோவின் படமும் ‘9999 இன் 1’ என்ற அறிவிப்பும் அச்சிட்ட காகிதம் என்பதே அதன் தோற்றம். படம் வராவிட்டால் கேசட்டைப் பிடுங்கி, பற்களின் வரிசையை வாயால் ஊதி, மறுபடி அழுத்திச் செருகுவது வீடுதோறும் நிலவிய வைத்தியம். பட்டியலில் ஆயிரக்கணக்கில் எண்கள் ஓடினாலும் உள்ளே இருந்தவை காண்ட்ரா, சூப்பர் மாரியோ, டக் ஹண்ட் போன்ற சில விளையாட்டுகளே. வேறு வேறு கட்டங்களிலிருந்து தொடங்குமாறு அவையே திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருந்தன. இவை அனைத்தும் உரிமம் பெறாத நகல்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நகலுக்குப் பக்கத்தில் அசல் வைக்கப்பட்டு, அதை விலக்கி மக்கள் நகலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கருதுவது தவறு. தெருமுனைக் கடையில் அசல் இருந்ததே இல்லை.

அடுத்த கட்டமாக சோனியின் பிளேஸ்டேஷன் பெட்டிகளை வரிசையாக வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் வீடியோ கேம் கடைகள் பள்ளிகளுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் அருகே முளைத்தன. டெக்கன் 3 முதல் மல்யுத்த விளையாட்டுகள் வரை அங்கே ஓடிய தட்டுகளிலும் பெரும்பகுதி எழுதப்பட்ட நகல்களே. திருட்டு வீடியோத் தட்டுகளுக்கு எதிராகத் தமிழகம் 2004 இல் குண்டர் தடுப்புச் சட்டத்தையே திருத்தியதை நினைத்தால், தட்டு வணிகத்தின் மேல் அரசின் பார்வை எவ்வளவு கடுமையாகத் திரும்பியிருந்தது என்பது விளங்கும். இதே காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் எமுலேட்டர் தன் பெயர் அறியப்படாமலேயே நுழைந்தது. கேப்காம் நிறுவனம் 1993 இல் வெளியிட்ட ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ என்ற ஆர்கேட் விளையாட்டை, அதில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயரால் முஸ்தஃபா என்று இந்தியா முழுவதும் அழைத்தனர். காசு போட்டு ஆடும் பெரிய பெட்டிக்காக எழுதப்பட்ட அதனைச் சாதாரணக் கணினியில் ஓடச் செய்தவை மேம், கவாக்ஸ் போன்ற இலவச எமுலேட்டர்களே.

கைப்பேசியின் வருகை இதனை வீட்டுக்குள்ளும் சட்டைப்பைக்குள்ளும் கொண்டுசென்றது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 ஜனவரியில் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1 அன்று நிறுத்தும் வரை கோடிக்கணக்கான கைப்பேசிகளைச் செய்தது. அப்பேசிகளின் மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றித் தரும் சிறு கடைகள் புறநகரெங்கும் பெருகின. ஆண்ட்ராய்டு பேசிகள் மலிந்தபோது அதே கடைகளில் எமுலேட்டரும் நூற்றுக்கணக்கான ரோம் கோப்புகளும் ஒரே கோப்புறையாக ஏற்றப்பட்டன. அரசுப் பள்ளி மாணவரின் கையில் வந்த மடிக்கணினி பாடத்துக்காகத் தரப்பட்டது. பென்டிரைவ் வழியே போகிமான் போன்ற விளையாட்டுகளும் அதில் குடியேறின. கேம்பாய் அட்வான்ஸ் என்ற பெட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திராத பிள்ளைகள் அதன் விளையாட்டுகளை முழுவதுமாக ஆடி முடித்தார்கள் என்பது பண்பாட்டு வரலாற்றில் சிறிய செய்தியன்று.

செயலிக் கடைகளின் நீக்கங்கள் இந்தப் பின்னணியில் நிகழ்ந்தவை. தன் கடையிலிருந்து வராத நிரலைச் செயலிக்குள் ஓட்டக்கூடாது என்ற விதியை ஆப்பிள் தொடக்கம் முதலே வைத்திருந்தது. 2009 இல் காமடோர் 64 எமுலேட்டர் ஒன்று பெரும் இழுபறிக்குப் பின் அனுமதிக்கப்பட்டு, உள்ளே பேசிக் என்ற நிரல்மொழியை இயக்க வழி இருக்கிறது என்று தெரிந்தவுடன் சில நாட்களில் விலக்கப்பட்டது. 2011 டிசம்பரில் ஐமேம் என்ற எமுலேட்டர் தோன்றி, பலர் அறியுமுன்பே மறைந்தது. கூகுளின் கடை அவ்வளவு இறுக்கமானதன்று. எனினும் சோனி எரிக்சன் நிறுவனம் எக்ஸ்பீரியா பிளே என்ற விளையாட்டுக் கைப்பேசியை விற்பனைக்குக் கொண்டுவந்த 2011 ஏப்ரல் மாதத்தை ஒட்டியே, பழைய பிளேஸ்டேஷனை நடிக்கும் பிஎஸ்எக்ஸ்4டிராய்டு அங்கிருந்து காணாமற்போனது; அடுத்த மாதம் நெசாய்டு குடும்பம் முழுவதும் போயிற்று.

இவற்றுள் எதுவும் நீதிமன்றத் தீர்ப்பால் நிகழவில்லை என்பதுதான் வரலாற்றாசிரியர் அழுத்திச் சொல்ல வேண்டியது. நீதிமன்றம் பேசிய இடங்களில் தீர்ப்பு பெரும்பாலும் மறுபக்கமே சாய்ந்தது. கனெக்டிக்ஸ் என்ற சிறு நிறுவனம் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் ஒன்றை உருவாக்கியபோது சோனி தொடுத்த வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், இயந்திரத்தின் உள்நிரலைப் பிரித்துப் பார்த்துப் புதிய நிரல் எழுதியது நியாயமான பயன்பாடே என்று 2000 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. தோற்ற சோனி அடுத்த ஆண்டில் அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி நிறுத்திவிட்டது. அதே காலத்தில் சோனிக்கு எதிரான வழக்கில் மேல்முறையீட்டில் வென்ற பிளீம் நிறுவனம் வழக்குச் செலவின் சுமையால் மூடப்பட்டது. சட்டத்தில் வென்றவன் சந்தையில் அழிந்தான். இந்தப் பாடத்தைப் பார்த்து வளர்ந்த பின்னாளைய உருவாக்குநர்கள் சிலர், ஒரு வக்கீல் நோட்டீஸ் வரக்கூடும் என்ற அச்சத்திலேயே தங்கள் செயலிகளைத் திரும்பப் பெற்றதில் வியப்பில்லை.

இந்தியச் சட்டம் இவ்விடயத்தில் பலர் எண்ணுவதைவிடத் தாராளமானது. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999 இல் செய்யப்பட்ட திருத்தம், சட்டப்படி ஒரு நிரலை வைத்திருப்பவர், தனியாக உருவாக்கப்பட்ட இன்னொரு நிரலோடு அது இணைந்து இயங்கத் தேவையான தகவலுக்காக அதனை ஆராய்வதை அனுமதிக்கிறது. முறையாகப் பெற்ற நிரலிலிருந்து வணிக நோக்கமற்ற சொந்தப் பயன்பாட்டுக்காகப் படியெடுப்பதையும் விலக்கில் சேர்க்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65-அ பிரிவு, பூட்டை உடைப்பதைத் தண்டிக்கும்போதும், உரிமையை மீறும் நோக்கம் இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டுகிறது. இணையத்தில் ஒரு படைப்பை எட்டுவதற்கு வழிசெய்பவர், உரிமையாளரின் எழுத்துமூலப் புகார் வந்தால் 21 நாட்கள் அதனை நிறுத்திவைக்க வேண்டும்; அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம் என்பதும் அதே திருத்தத்தின் ஏற்பாடே. புகார் செய்பவரின் தோளில் வழக்குத் தொடுக்கும் கடமையை ஏற்றும் நல்ல விதி இது. ஆனால் உலகம் முழுமைக்கும் ஒரே கொள்கை வைத்து ஆளப்படும் தனியார் கடையில், ஆவடியில் இருக்கும் பயனருக்கு இந்த 21 நாள் காப்பு ஒருபோதும் கைகொடுத்ததில்லை. மற்றவரின் ரோம் கோப்பை இலவசமாகப் பரப்புவதை இப்பிரிவுகள் அனுமதிப்பதில்லை, அதுவும் உண்மையே. கடைகள் நீக்கியதோ பெரும்பாலும் ரோம் ஏதும் உள்ளடக்காத வெறும் எமுலேட்டர்களை.

நீக்கத்தால் பழக்கம் நின்றுவிடவில்லை, பாதுகாப்புதான் குறைந்தது. ஏபிகே எனப்படும் நிறுவற்கோப்பாக எமுலேட்டர் ஒரு பேசியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவத் தொடங்கியது. ஷேர்இட், ஸெண்டர் ஆகிய பகிர்வுச் செயலிகளே அதற்கு ஊர்தி. ஒரு பிள்ளையின் பேசியில் ஏறிய கோப்பு வகுப்பு முழுவதற்கும் பரவ ஒரு மதிய இடைவேளை போதும். அக்கோப்பினுள் விளம்பர நிரலோ உளவு நிரலோ நுழைக்கப்பட்டிருந்தால் கண்டுபிடிக்க எளிய வழியில்லை. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் இடம்பெற்றதால் அந்த ஊர்தியும் நின்றது. பிளேஸ்டேஷன் 2 ஐ ஆண்ட்ராய்டில் நடித்த ஈதர்எஸ்எக்ஸ்2 என்ற இலவசச் செயலி 2021 இறுதியில் வந்தபோது, வாடகைக் கடைகளில் ஆடப்பட்ட அப்பெட்டியின் விளையாட்டுகள் பலவும் கைக்குள் வந்தன. பயனர்கள் சிலரின் வசைகளும் மிரட்டல்களும் தாளாமல் அதை உருவாக்கியவர் 2023 ஜனவரியில் பணியை நிறுத்திக்கொண்டது மிகவும் வருந்தத்தக்கது. 2024 பிப்ரவரி 26 அன்று நிண்டெண்டோ தொடுத்த வழக்கில் யூசு எமுலேட்டரின் நிறுவனம் ஒரே வாரத்தில் 24 இலட்சம் டாலர் தர இசைந்து, தன் மற்றொரு செயலியான சிட்ராவையும் சேர்த்து மூடியது. இதுவும் விசாரணை நடவாமல், உடன்பாட்டில் முடிந்ததே.

அதே ஆண்டு ஏப்ரல் 5 அன்று ஆப்பிள் தன் விதியை மாற்றி, பழைய விளையாட்டுப் பெட்டிகளின் எமுலேட்டர்களை உலகெங்கும் அனுமதித்தது. முதலில் புகழ்பெற்ற ஐஜிபிஏ என்ற எமுலேட்டர் வேறொருவரின் திறந்த நிரலைப் படியெடுத்தது என்பதால் ஓரிரு நாட்களில் நீக்கப்பட்டது. அந்த மூலநிரலை எழுதிய உருவாக்குநரின் டெல்டா ஏப்ரல் 17 அன்று வெளிவந்து, இந்தியா உட்படப் பல நாடுகளில் இலவசமாகக் கிடைத்தது. இம்மாற்றத்தின் பின்னணியில் இருந்ததாகக் கருதப்படுவது, 2024 மார்ச் மாதம் முதல் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைச் சட்டம்.  இத்தகைய கட்டுப்பாட்டுக்கு இந்தியாவும் முயலாமல் இல்லை: 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, பிற செயலிக் கடைகளை பிளே ஸ்டோர் வழியாகவே வழங்க இடம்தர வேண்டும், கடைக்கு வெளியே செயலி நிறுவுவதைத் தடுக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டது. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச் 29 அன்று அபராதத்தை உறுதிசெய்து, அவ்விரு கட்டளைகளையும் நீக்கிவிட்டது.