முட்டுக்கட்டையில் இருந்து முதலாம் கியர் வரை

18 வயது நிறைந்ததும் எங்கள் கலஹாப் பிள்ளைகள் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க ஓடுகிறார்கள். எழுத்துப் பரீட்சைக்காகச் சொற்களை மனனம் செய்கிறார்கள். அந்தச் சொற்களுக்குப் பின்னால் நம் மலைநாட்டின் வரலாறும் இருக்கிறது.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டி வீதியை அமைப்பித்தார். அந்த வேலையில் ஈடுபட்ட கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் அவர் நினைவாகக் கட்டியதுதான். 1867இல் கண்டிக்கு ரயில் வரும்வரை கோப்பி மூட்டைகள் மாட்டுவண்டியில்தான் கொழும்புக்கு இறங்கின. அதே ஆண்டில்தான் நம் பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார்.

சரிவில் வண்டி உருளாமல் சக்கரத்துக்கு அடியில் கொடுப்பது முட்டுக்கட்டை. இன்று அந்தச் சொல்லை 'இடைஞ்சல்' என்ற பொருளில்தான் பேசுகிறோம். அதன் வேலையை பிரேக் எடுத்துக்கொண்டது. ஆனால் நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். 'குறைந்த கியரில் இறங்கு' என்பது அதனால்தான்.

ஒதுங்க இடமில்லாத மலைவீதியில் ஏறிவரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். 1968 வியன்னா வீதிப் போக்குவரத்து ஒப்பந்தமும் இதைச் சொல்கிறது. ஏற்றத்தில் நின்ற பாரவண்டியை மீண்டும் கிளப்புவது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியாதா?

சொல்லை மனனம் செய்தவர் பரீட்சையில் தேறுவார். காரணமும் தெரிந்தவர், இன்ஷா அல்லாஹ், பத்திரமாக வீடு வந்து சேருவார். பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுப்போம்.