லேசர் வெட்டும் பிளாஸ்மா வெட்டும்

லேசர் வெட்டும் பிளாஸ்மா வெட்டும் தகட்டை ஒரு மெல்லிய கோட்டில் உருக்கி, உருகியதை வாயுவால் ஊதித் தள்ளிப் பிளக்கும் முறைகள். முன்னதற்கு ஒளியும் பின்னதற்கு மின்வில்லும் வெப்பம் தருகின்றன. மரக்காணம் போன்ற உப்பளக் கரையில் இவற்றைப் பற்றி முதன்மையாகக் கவனிக்க வேண்டியது வெட்டிய விளிம்பு. துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பிளாஸ்மா வெட்டில் எலெக்ட்ரோடுக்கும் தகட்டுக்கும் இடையே மின்வில் எழுகிறது. செம்பு நாசிலின் குறுகிய துளை அதை நெருக்க, அதன் வழியே பாயும் வாயு அயனியாகி ஏறத்தாழ 20,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. தகடும் மின்சுற்றில் ஒரு பகுதி என்பதால், மின்சாரம் கடத்தும் பொருளை மட்டுமே இப்படி வெட்ட முடியும். பட்டறைகளில் பெரும்பாலும் கம்ப்ரஸர் காற்றே பயன்படுகிறது. ஆக்சிஜன் கலந்த அந்தக் காற்றில் டங்ஸ்டன் எரிந்துவிடும். ஆகவே எலெக்ட்ரோடு முனையில் ஹாஃப்னியம் பதிக்கிறார்கள். காற்றில் ஈரம் இருந்தால் முனையும் நாசிலும் விரைவில் தேய்ந்துபோகும். கடலோரப் பட்டறைக்குக் காற்று உலர்த்தி இன்றியமையாதது.

முதல் லேசரை 1960-இல் தியோடர் மெய்மன் இயக்கிக் காட்டினார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் அந்தக் கதிரோடு ஆக்சிஜன் பீய்ச்சி எஃகுத் தகட்டை வெட்டினார். அந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். இன்று பரவியுள்ள ஃபைபர் லேசரின் அலைநீளம் ஏறக்குறைய 1.07 மைக்ரோமீட்டர். இதை உலோகங்கள் நன்றாக உறிஞ்சுவதால் செம்பு, பித்தளைத் தகடுகளும் வெட்டுப்படுகின்றன. லேசரின் வெட்டுக்கோடு மெல்லிய தகட்டில் மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு அகலமே. பிளாஸ்மாவின் கோடு மில்லிமீட்டர் கணக்கில் அகலும். தடித்த பிளேட்டுக்குப் பிளாஸ்மாவும் நுணுக்கமான பூவேலைக்கு லேசரும் ஏற்றவை. பி.வி.சி.யை மட்டும் லேசரில் வெட்டவே கூடாது: அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும்.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அதன் நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். உப்புத்தூள் படிந்த இரும்பு மழையில்லாத இரவிலும் நனைந்தே இருப்பது இதனால்தான். ஆக்சிஜன் கொண்டு லேசரில் வெட்டிய எஃகின் விளிம்பில் மெல்லிய ஆக்சைடு படலம் ஒட்டியிருக்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் அந்தப் படலத்தோடு சேர்ந்தே உரிந்து வரும். கூரான விளிம்பிலோ பெயிண்ட் தங்காமல் மெலிந்துவிடுகிறது. ஆகவே விளிம்பைக் கிரைண்டரால் தேய்த்து மழுக்கிய பின்பே பிரைமர் அடிக்க வேண்டும். வேலை மிச்சம் என்று இதைத் தவிர்ப்பது தவறு. காற்றுப் பிளாஸ்மாவில் வெட்டிய விளிம்பு நைட்ரஜனை உறிஞ்சியிருக்கும். தேய்க்காமல் பற்றவைத்தால் வெல்டிங்கில் நுண்துளைகள் விழும்.

துருப்பிடிக்கா எஃகும் இதற்கு விலக்கல்ல. வெட்டுச்சூட்டில் நீலம் பாய்ந்த இடத்தின் அடியில் குரோமியம் குறைந்துபோகிறது. உப்பின் குளோரைடு அங்கே குழியிடும். நைட்ரஜன் ஊதும் லேசர் வெட்டு விளிம்பைப் பளிச்சென்று விடுகிறது. மற்ற வெட்டுகளில் அந்த நிறத்தைத் தேய்த்தோ அமிலப்பசை பூசிக் கழுவியோ நீக்க வேண்டும். கடற்கரையில் நிற்கப்போகும் பொருளுக்கு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 ரக எஃகே 304 ரகத்தைவிட ஏற்றது.