தேக்காவில் தொடங்கும் சாலை

டிசம்பர் விடுமுறையில் நான்கு குடும்பங்கள், நான்கு கார்களில், பினாங்கு வரை சென்று திரும்புவது என்று முடிவாகியிருந்தது. எங்கள் தமிழ் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருள் சிலர் நெடுஞ்சாலைப் பிரியர்கள். எந்தச் சாலைக்கு என்ன எண், எந்த ஓய்விடத்தில் நல்ல தேநீர் கிடைக்கும், எந்தச் சுங்கச்சாவடியில் நெரிசல் மிகும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். "ஐயா, வண்டிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வழியில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது, என்ன சொல்வது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். திட்டம் பேசுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் கூடினோம்.

சிராங்கூன் சாலையும் புக்கிட் தீமா சாலையும் சந்திக்கும் முனையில் நிற்பது தேக்கா நிலையம். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மாணவன் ஒருவன் வெளியே ஓடும் வாகனங்களைப் பார்த்தபடி, "ஐயா, இந்தச் சாலை எங்கே போய் முடிகிறது?" என்று கேட்டான். "உட்லண்ட்ஸில்தான், வேறெங்கே?" என்றார் அவன் தந்தை. "ஒரு காலத்தில் லண்டன் வரை போயிற்று" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

1955-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் லண்டனிலிருந்து இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் புறப்பட்டனர். ஆங்கிலக் கால்வாய் நீங்கலாகக் கடல் எங்கும் குறுக்கிடாமல், தரைவழியாகவே சிங்கப்பூரை அடைவது அவர்கள் நோக்கம். அதற்கு முன் முயன்றோர் எவரும் முழு வழியையும் வண்டியிலேயே கடந்ததில்லை. துருக்கி, சிரியா, ஈராக், ஈரான், பாகிஸ்தான், இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா எனக் கடந்து, 1956-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தனர். ஆறு மாதமும் ஆறு நாளும் ஆயிற்று. அவர்களுள் ஒருவரான டிம் ஸ்லெஸ்ஸர் அப்பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1957-இல் வெளிவந்தது.

நீண்ட பயணம் திட்டமிடும் எவருக்கும் அந்த அறுவர் நல்ல பாடம். வண்டி ஓட்டுவதைவிடக் கடினமான வேலையை அவர்கள் புறப்படுவதற்கு முன்பே செய்து முடித்தார்கள். பணம் கையில் இல்லை. எனவே நிறுவனம் நிறுவனமாக எழுதி, வண்டி முதல் உணவுப்பொருள் வரை ஆதரவு திரட்டினர். பிபிசியில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ, படம் பிடித்து வர ஃபிலிம் சுருள் தந்து உதவினார். வேலையையும் பங்கிட்டுக்கொண்டனர். வரவு செலவுக்கு ஒருவர், வழிக்கும் விசாவுக்கும் ஒருவர், இயந்திரப் பழுதுக்கு ஒருவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு துறை. ஒளிப்பதிவுப் பொறுப்பை ஏற்ற ஆன்டனி பாரிங்டன் பிரவுன் வேறொரு வகையிலும் நாம் அறியவேண்டியவர். வாட்சனும் கிரிக்கும் தங்கள் டிஎன்ஏ மாதிரியின் அருகில் நிற்கும் புகழ்பெற்ற 1953-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தவர் அவரே. அறிவியல் ஆசிரியர்களுக்கு இச்செய்தி உதவும்!

அவர்கள் திட்டத்தில் எல்லோரும் ஐயுற்ற பகுதி ஒன்றிருந்தது. இந்தியாவிலிருந்து பர்மாவுக்குள் எப்படி நுழைவது? இடையில் மலையும் அடர்ந்த காடும். அங்கே அவர்கள் நம்பியது லெடோ சாலையை. இரண்டாம் உலகப் போரில் சீனாவுக்குப் பொருள் அனுப்புவதற்காக, அசாமின் லெடோவிலிருந்து பர்மாவின் மலைகளைக் குடைந்து அமெரிக்க இராணுவம் அமைத்த சாலை அது. 1942-இன் இறுதியில் தொடங்கிய வேலை 1945-இன் தொடக்கத்தில் முடிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அவ்வேலையில் இறந்தனர். இந்தியரும் பர்மியருமான தொழிலாளர் பல்லாயிரவர் அதில் உழைத்தனர். போர் முடிந்ததும் சாலையைக் கவனிப்பார் இல்லை. பத்தே ஆண்டில் பாலங்கள் விழுந்தன. காடு சாலையை விழுங்கத் தொடங்கியது. அறுவரும் ஆறுகளில் வண்டியை இறக்கி ஏற்றித்தான் அவ்வழியைக் கடந்தனர்.

இதைப் பெற்றோரிடம் சொல்லி, நான் வலியுறுத்திய கருத்து ஒன்றுதான். ஒருமுறை போட்டுவிட்டால் என்றும் இருப்பது அன்று சாலை. கடந்து செல்ல ஓர் அரசு இசையவேண்டும். ஆண்டுதோறும் மண்வெட்டியும் தாருமாக யாரோ சிலர் அதைக் காத்துவரவேண்டும். இவ்விரண்டில் ஒன்று நின்றுபோனாலும் சாலை நின்றுபோகும். பயணிகளின் பெயர்கள் நூலில் நிற்கின்றன. சாலையைக் காத்தவர்களின் பெயர்கள் எங்கே நிற்கின்றன?

இக்கேள்வி நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமானது. சிங்கப்பூரின் தொடக்ககாலச் சாலைகளை அமைத்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். 1825-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பென்கூலனிலிருந்து முதல் கூட்டமாக வந்து இறங்கிய சுமார் 80 பேரும் சென்னை மாகாணக் கைதிகள். 1830-களில் கைதிகளையும் பொதுப்பணிகளையும் மேற்பார்த்த கட்டடக் கலைஞர் கோல்மன், நார்த் பிரிட்ஜ் சாலையையும் சவுத் பிரிட்ஜ் சாலையையும் அவர்கள் உழைப்பைக் கொண்டே அமைத்தார். சதுப்பை மேடாக்கி, கல் உடைத்து, வடிகால் வெட்டி அவர்கள் விரித்த வழிகளே இன்றைய நகரின் எலும்புக்கூடு. புக்கிட் தீமா சாலை 1845-இல் கிராஞ்சி வரை நீண்டது. 1873-இல் கைதிகள் குடியிருப்பு மூடப்பட்டது. கோல்மனின் பெயரில் தெரு இருக்கிறது. கல் உடைத்தவர்களின் பெயரில் ஒரு சந்துகூட இல்லை.

கடற்பாலத்துக்கு அப்பாலும் கதை ஏறத்தாழ இதுவே. ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் கூலி வேலை செய்தோரில் பெரும்பகுதியினர் தென்னிந்தியர். அவருள்ளும் பெரும்பாலோர் தமிழர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் மூத்தோர் சாலையைச் 'சடக்கு' என்பர். 'சடக்கு வேலை' என்றால் அது ஒரு வாழ்க்கைமுறையையே குறிக்கும் சொல். விடியலில் எழுந்து, வெயிலில் கல் பரப்பி, கொதிக்கும் தார் ஊற்றி, மாலையில் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வாழ்க்கை அது. 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்ட, 1,056 மீட்டர் நீளமுள்ள ஜோகூர் கடற்பாலம் தீவைத் தீபகற்பத்தோடு இணைத்தபோது, இருபுறத்துச் சடக்குகளும் ஒன்றாயின. 1956-இல் அந்த ஆறு இளைஞர்கள் சிங்கப்பூருக்குள் நுழைந்ததும் அதன் மீதுதான். அப்போது மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. ஐந்தாண்டுக்கு முன்னர், 1951-இல், பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி ஃபிரேசர் மலைக்குச் செல்லும் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அத்தகைய காலத்திலும் சாலைகள் பழுதின்றி இருந்தன என்றால், யாரோ நாள்தோறும் வேலைக்குச் சென்றார்கள் என்பதுதான் பொருள்.

இனி எங்கள் திட்டத்துக்கு வருகிறேன். எந்த வழியில் போவது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. 1994-இல் முறைப்படி திறக்கப்பட்ட வடக்கு தெற்கு விரைவுச்சாலை, ஜோகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையிலுள்ள புக்கிட் காயு ஹீத்தாம் வரை 772 கிலோமீட்டர். அதில் ஏறினால் ஒரே நாளில் பினாங்கு. நான் கேட்டதோ பழைய கூட்டரசுச் சாலை எண் 1. "லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக எதற்காக ஐந்து நாள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. பிள்ளைகள் சலிப்படைவார்கள், செலவும் கூடும்.

அதுவரை பேசாதிருந்த ஒரு தாய் அப்போது வாய் திறந்தார். அவருடைய பாட்டனார் லாபிஸ் பக்கத்தில் பொதுப்பணித் துறையில் சடக்கு வேலை பார்த்தவராம். ஓய்வு பெறும்வரை அதே சாலையில், அதே சில மைல் தூரத்தில் வேலை. "நாங்கள் எத்தனையோ முறை கோலாலம்பூர் போயிருக்கிறோம் ஐயா. ஒரு முறைகூட அந்த வழியாகப் போனதில்லை. என் மகளிடம் இதை நான் சொன்னதும் இல்லை" என்றார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. வீட்டில் சொல்லப்படாத தொழில்கள் நம்மில் பலருக்கும் உண்டு. மேசையில் சிறிது நேரம் அமைதி. அதன் பிறகு வழியைப் பற்றி எவரும் வாதிடவில்லை. போகும்போது பழைய சாலை, திரும்பும்போது விரைவுச்சாலை என்று முடிவாயிற்று.

ஒத்த எண்ணமுடைய ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் திட்டத்தைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதல் நாள்: லாபிஸ், சிகாமட், கிம்மாஸ் வழியாகச் சிரம்பான். கிம்மாஸ் அருகே, 1942 ஜனவரி 14-இல் ஜப்பானியப் படையை ஆஸ்திரேலியப் படையினர் பாலத்தில் மறித்துத் தாக்கிய இடம் இருக்கிறது.

இரண்டாம் நாள்: கோலாலம்பூர், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர் வழியாக ஈப்போ. ஜப்பானியர் 55 நாளில் தீபகற்பத்தைக் கடந்து ஜோகூர் பாருவை அடைந்ததற்கு இந்த நல்ல சாலைகளும் ஒரு காரணம் என்பதைப் பிள்ளைகள் வரைபடத்தில் தாமே கண்டறியவேண்டும். பின்வாங்கிய பிரிட்டிஷ் படை 1942 ஜனவரி 31-இல் கடற்பாலத்தைத் தகர்த்ததையும் இங்கேயே சொல்லலாம்.

மூன்றாம் நாள்: கோலகங்சார். 1877-இல் நடப்பட்ட ரப்பர் கன்றுகளுள் ஒன்று அங்கே மரமாக நிற்கிறது. நம் முன்னோரைக் கடல் கடக்க வைத்த மரத்தின் மூதாதை அது. மாலையில் பினாங்கு.

நான்காம் நாள் பினாங்கில் ஓய்வு. ஐந்தாம் நாள் விரைவுச்சாலையில் வீடு.

அறுவரைப் போலவே நாங்களும் பொறுப்புகளைப் பங்கிட்டோம். ஒருவர் பணம், ஒருவர் வண்டிகளின் நிலை, ஒருவர் தங்குமிடமும் உணவும், ஒருவர் கடப்பிதழ் முதலிய ஆவணங்கள். ஒரு வண்டியின் வாலை மற்றொன்று பிடித்துக்கொண்டு ஓடுவதில்லை. ஒவ்வொரு நூறு கிலோமீட்டருக்கும் சந்திக்கும் இடம் ஒன்றை முன்பே குறித்துக்கொள்வது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம். சிங்கப்பூர்க் கார் எல்லையைக் கடக்கும்போது எரிபொருள் தொட்டியில் முக்கால் பங்கு இருக்கவேண்டும் என்பது 1991 முதல் உள்ள விதி. மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத கார்களுக்கு 2025 ஜூலை 1 முதல் அபராதம் விதிக்கப்படுவதால், அதைத் தொடக்கத்திலேயே சரிபார்த்தோம். மானிய விலையில் விற்கும் ரோன் 95 பெட்ரோலை வெளிநாட்டுக் கார்களுக்கு நிரப்பக்கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அந்த ஆறு இளைஞர்களின் வண்டிகளுள் ஒன்று, 'ஆக்ஸ்ஃபோர்டு' எனப் பெயர் பெற்றது, பல பத்தாண்டுகளுக்குப் பின் மீட்டுச் சீரமைக்கப்பட்டது. அவ்வண்டி 2019 ஆகஸ்டு 25-ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து எதிர்த்திசையில் புறப்பட்டு, 111 நாளில் லண்டன் சேர்ந்தது. அப்போது 87 வயதான டிம் ஸ்லெஸ்ஸர் செல்வதாக இருந்து, உடல்நலக் குறைவால் இயலாமற்போக, அவர் பேரன் அவரிடத்தில் அமர்ந்தார். மியன்மார் வழியாகவே அவர்களும் இந்தியாவை அடைந்தனர். 2021 பிப்ரவரியில் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அவ்வழியில் செல்வது மீண்டும் அரிதாகிவிட்டது. தாத்தாவுக்குத் திறந்த சாலை பேரனுக்கும் திறந்தது. அடுத்தவருக்குத் திறக்குமா என்பதை எந்த வரைபடமும் சொல்லாது.

பாட்டனாரின் சாலையைப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு அதைவிட எளிதாகவே கிடைத்திருக்கிறது. கூட்டம் கலையும்போது அந்தத் தாய் என்னருகே வந்து, "லாபிஸில் இறங்கிப் பார்க்க ஒன்றும் இருக்காது ஐயா. லயத்து வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள்" என்றார்.

"சாலை இருக்கிறதே அம்மா, அது போதும்" என்றேன்.